அணில் அழித்த மெசேஜ்

தோப்பில் இருந்த எல்லோருக்குமாக ஒரு வாட்ஸ்அப் குரூப் இருந்தது. தினமும் விடிந்ததும் தவளை அதில் ஒரு பாட்டுப் பாடி அனுப்பும்.

ஒருநாள் அணிலுக்குப் பொறுக்கவில்லை. “காலங்காத்தால இது என்ன, தொண்டையா ஓட்டை டிரம்மா?” என்று கிளிக்கு மட்டும் அனுப்புவதாக நினைத்து எழுதியது. அனுப்பிய பிறகுதான் பார்த்தது, அது குரூப்பில் போய் உட்கார்ந்திருந்தது. பதறிப்போய் உடனே அழித்தது. ஆனால் ‘இந்த மெசேஜ் அழிக்கப்பட்டது’ என்ற வரி மட்டும் அங்கேயே நின்றது.

“என்னத்த அழிச்ச? என் குஞ்சுங்களைப் பத்தியா?” என்று காகம் சண்டைக்கு வந்தது.

“என் தாடியைப் பத்தித்தான் இருக்கும்,” என்று ஆடு கோபித்துக்கொண்டு குரூப்பை விட்டே போய்விட்டது.

“ஐயோ, ஒண்ணுமே இல்லைங்க! வால் பட்டு என்னமோ போயிடுச்சு,” என்று அணில் சத்தியம் செய்தது. ஒருவழியாகக் காகம் அடங்கியது. ஆட்டையும் கெஞ்சிக் கூத்தாடித் திரும்பச் சேர்த்தாயிற்று. அணிலுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அந்த நேரம் பார்த்துத் தவளையிடமிருந்து தனியாக ஒரு மெசேஜ் வந்தது. பாட்டு இல்லை, வெறும் எழுத்து.

“பயப்படாதீங்கண்ணே, என்னைத் தவிர யாரும் பார்க்கல. நாளையிலேர்ந்து மெதுவா பாடுறேன்.”