பையின் இன்னொரு காது

மழை விட்ட மாலை வெளிச்சம் காய்கறிக் கடையின் தக்காளிகள்மேல் ஈரமாகக் கிடக்கிறது. "ஒரு பிளாஸ்டிக் கவர் குடுங்கண்ணே" என்கிறாள், கணவர் இறந்தபின் முதன்முறையாகக் கடைக்கு வந்திருப்பவள். கடைக்காரர் தராசிலிருந்து நிமிர்கிறார். "கவரை நிறுத்தச் சொல்லி என் உசுர வாங்கினதே உங்க வீட்டுக்காரர்தானேம்மா! அந்தப் பெரிய துணிப்பை எங்க?" அது அவள் கைக்குள்ளேயே சுருண்டிருக்கிறது. "இதுக்கு ரெண்டு பேர் வேணும்ணே. ஆளுக்கொரு காதைப் பிடிச்சுத்தான் தூக்கிட்டுப் போவோம்." தராசுத் தட்டு ஆடி ஆடி நிற்கிறது. அவர் பையை வாங்கி, உருளைக்கிழங்கை அடியிலும் கீரையை மேலேயும் வைக்கிறார். படியிறங்கி வந்து ஒரு காதைப் பிடித்துக்கொள்கிறார். "நடங்கம்மா. கடையைக் கடவுள் பாத்துக்குவாரு." ஈரத் தெருவில் பை இருவருக்கும் நடுவே மெல்ல ஆடுகிறது. முழங்கால் வலிக்காரக் கணவருக்காகப் பழகிய அதே சின்னச் சின்ன அடிகளை அவள் எடுத்து வைக்கிறாள், கடைக்காரரும் அவசரப்படவில்லை.