பதினோரு மணி ஒப்பந்தம்

“இந்த உலகத்துல எந்த ரெண்டு பேரு பேசாம இருந்தாலும், என்னால பேச வைக்க முடியும்” என்றான் கோமதிசங்கர். சிரிக்காமல்தான் சொன்னான். வாயில் பாதி இட்லி இருந்தது.

தங்கை சித்ரலேகா மறுத்துப் பேசவில்லை. அண்ணன் டெல்லியில், வெளியுறவுத் துறையில், அணு ஆயுதக் கட்டுப்பாட்டு ஒப்பந்தங்களை மட்டுமே பார்க்கும் அதிகாரி. குண்டு வைத்திருக்கும் நாடுகள் எல்லாம் அவன் எழுதும் ஷரத்துக்காகக் காத்துக் கிடக்கின்றன என்று திருநெல்வேலி டவுணில் அவர்கள் தெருவில் பாதிப் பேர் நம்பினார்கள். மீதிப் பேரிடம் அம்மா இன்னும் சொல்லி முடிக்கவில்லை.

சித்ரலேகாவின் பிரச்சினையில் இரண்டே நாடுகள்தான். அம்மாவின் அண்ணன் ஐயம்பெருமாள், தம்பி அருணாசலம். பதினோரு வருஷமாக இருவருக்கும் பேச்சு இல்லை. அடுத்த மாதம் அவளுக்குக் கல்யாணம். தாய்மாமன்கள் பெயரைப் போட்டு, பத்திரிகை இன்று சாயங்காலத்துக்குள் அச்சுக்குப் போயாக வேண்டும். ‘அவன் எங்கிட்டப் பேசாம என் பேரைப் போடாத’ என்று பெரிய மாமா சொல்லிவிட்டார். சின்ன மாமாவும் அதையேதான் சொன்னார்.

சண்டை பாபநாசத்தில் ஆரம்பித்தது. பெரிய மாமா ஆற்றில் முங்கிக்கொண்டிருந்தபோது சின்ன மாமா வேனைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டார். வேட்டி சட்டை வேனில். பெரிய மாமா ஈரத் துண்டோடு பஸ் ஏறி, திருநெல்வேலி வரை நின்றுகொண்டே வந்தார். துண்டில் பாக்கெட் இல்லாததால் கண்டக்டர் டிக்கெட்டே கேட்கவில்லையாம்.

“விட்டுட்டு வந்தவன்தான் முதல்ல கூப்பிடணும்னு பெரிய மாமா சொல்லுதாரு. மூணு தடவை ஹாரன் அடிச்சேன், வராதவருதான் கூப்பிடணும்னு சின்ன மாமா சொல்லுதாரு” என்றாள் சித்ரலேகா. “ஆனா ரெண்டு பேரும் எங்கிட்டத் தனியா வந்து, ‘முதல்ல என்னைக் கூப்பிடச் சொல்லு, நான் சொன்னேன்னு மட்டும் சொல்லாத’ங்காங்க.”

கோமதிசங்கருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

“பச்சப்புள்ள தோத்துப்போகும். ஏட்டி, அறுபது வயசு ஆளுக பேசுத பேச்சா இது? வருஷா வருஷம் ஜனவரி ஒண்ணாம் தேதி நாமளும் பாகிஸ்தானும் அணு உலைப் பட்டியலை மாத்திக்கிடுதோம். முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. முட்டிக்கிட்ட வருஷத்துலகூட நின்னதில்ல. ஏன் தெரியுமா? ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கொடுக்கோம். யாரு முதல்லங்கிற கேள்வியே கிடையாது.”

சொல்லிவிட்டு, தட்டுக்குப் பக்கத்தில் மல்லாக்க வைத்திருந்த போனை ஒருமுறை பார்த்துக்கொண்டான். டெல்லியிலிருந்து முக்கியமான அழைப்பு வர வேண்டுமாம். அவன் ஊருக்கு வந்து நாலு நாள் ஆகியும் வரவில்லை. அது காதில் விழாமல் போய்விடக் கூடாதென்று அம்மா மிக்சியை மூடி வைத்துவிட்டு, நாட்டுக்காக அம்மியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். அவன் மனைவி மதுமதி மதினிக்கு மட்டும் லீவு கிடைக்கவில்லையாம்; டெல்லியிலேயே இருந்துவிட்டாள்.

ஒப்பந்தம் அரை மணி நேரத்தில் தயாரானது. ஷரத்து ஒன்று: மாமாக்கள் இருவரும் சரியாகப் பதினோரு மணிக்கு ஒருவரை ஒருவர் போனில் அழைக்க வேண்டும். ஷரத்து இரண்டு: லைன் கிடைக்காவிட்டால், சரியாக இரண்டு நிமிடம் கழித்து மறுபடி அழைக்க வேண்டும். சித்ரலேகா இருவருக்கும் வாசித்துக் காட்டினாள். தான் முதலில் இல்லை என்பதால் இருவரும் சம்மதித்தார்கள்.

மணி பதினொன்று ஆனது. அடுத்த நிமிடம் சித்ரலேகாவின் போன் அடித்தது. பெரிய மாமா.

“எங்கேஜ்டா இருக்குட்டி. என்னைக் கூப்பிடுத நேரத்துல அவன் எவன்கூடப் பேசிக்கிட்டிருக்கான்?”

அவர் வைத்ததும் சின்ன மாமா. “இந்த ஆளு வேணும்னே பிஸியா வச்சிருக்காரு.”

சித்ரலேகா அண்ணனைப் பார்த்தாள். “அண்ணா, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல அடிச்சா லைன் எப்படிக் கிடைக்கும்?”

கோமதிசங்கர் ஒப்பந்தத் தாளை எடுத்து இரண்டாவது வரியில் விரலை வைத்தான்.

“அதுக்குத்தான் ஷரத்து ரெண்டு இருக்கு” என்றான்.

ஷரத்து இரண்டின்படி இருவரும் சரியாக இரண்டு நிமிடம் கழித்து மறுபடி அழைத்தார்கள். பிறகு மறுபடி. ஒரு விநாடிகூடப் பிசகவில்லை. இவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்பட்ட ஒப்பந்தத்தைத் தன் பணிக்காலத்தில் பார்த்ததில்லை என்று கோமதிசங்கரே ஒப்புக்கொண்டான்.

பதினொன்றரைக்கு வாசலில் ஒரு பக்கமிருந்து ஸ்கூட்டரும், இன்னொரு பக்கமிருந்து ஆட்டோவும் வந்து நின்றன.

“ஏலே, போனை எடுக்க மாட்டியோ?”

“நீரு எடுத்தீராவே? ஏழு தடவை அடிச்சேன்.”

“நானும் ஏழு தடவைதாம்லே அடிச்சேன்.”

இருவரும் நின்று யோசித்தார்கள். யார் முதலில் பேசியது என்பதை இருவருமே கவனிக்கவில்லை.

சின்ன மாமா ஸ்கூட்டரில் மாட்டியிருந்த பையை எடுத்து நீட்டினார். “உம்ம வேட்டி சட்டை. வருஷா வருஷம் பொங்கலுக்குத் துவைச்சுத் தேய்ச்சு வைக்கேன்.”

பெரிய மாமா சட்டையை விரித்து நெஞ்சில் வைத்துப் பார்த்தார். “இப்பப் பத்தாதுலே” என்றார். ஆனாலும் மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

பத்து நிமிடத்தில் இருவரும் ஒரே சோபாவில் உட்கார்ந்து, காப்பி குடித்துக்கொண்டே, பத்திரிகையில் தங்கள் பெயருக்கு மேல் இருந்தவர்களின் பெயரையெல்லாம் கீழே இறக்கிக்கொண்டிருந்தார்கள். சித்ரலேகாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“பெரிய ஆளுதான் மருமகனே” என்றார் பெரிய மாமா. “ஆமா, டெல்லி கூப்பிட்டாச்சா?”

“இன்னும் இல்ல மாமா.”

“நீயே ஒரு போன் அடிக்க வேண்டியதுதான?”

“அதுக்கெல்லாம் ஒரு முறை இருக்கு மாமா” என்று எழுந்த கோமதிசங்கர், தங்கைக்குக் கண்ணைக் காட்டிவிட்டுப் புறவாசலுக்குப் போனான்.

சித்ரலேகா பின்னாலேயே போனாள். அம்மா அம்மியில் மும்முரமாக இருந்தாள். அவன் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“ஏட்டி, நீ டெல்லிக்கு ஒரு போன் போடு. உன் மதினியை முதல்ல என்னைக் கூப்பிடச் சொல்லு. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லாத.”