சங்கத் தலைவர் அகஸ்டின்

பீங்கான் பொம்மைக் கம்பெனியில் அத்தனை தொழிலாளர்கள் முன்னாலும் முதலாளி பழமலைநாதன் கத்தினார்.

“தூசி உறிஞ்சுற மிஷின் வேணுமா உனக்கு? இன்னியிலேருந்து உனக்கு வேலையே கிடையாது, போய்யா வெளிய!”

சூளை மேஸ்திரி அகஸ்டின் தலையைக் குனிந்தபடி வெளியேறினார்.

அதுவரை அவரை முதலாளியின் ஆள் என்று ஒதுக்கியவர்களே அன்று மாலை அவர் வீடு தேடிப் போனார்கள். அடுத்து வந்த சங்கத் தேர்தலில் அவரையே தலைவராக்கினார்கள். அவர்கள் கேட்டுக்கொண்டபடி முதலாளியும் அவரை மறுபடி வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்.

முதல் பேச்சுவார்த்தைக்கு அகஸ்டின் வந்ததும் பழமலைநாதன் கதவைச் சாத்திவிட்டுச் சிரித்தார்.

“நாம பேசி வச்ச மாதிரியே முடிஞ்சிடுச்சு பாத்தியா? நான் திட்டலன்னா உனக்கு எவன் ஓட்டுப் போட்டிருப்பான்? சரி, மிஷினெல்லாம் தேவையில்லன்னு அவங்ககிட்ட சொல்லிடு.”

அகஸ்டின் உட்காரவில்லை.

“எனக்கு வேலை போயிடுச்சுன்னு எங்க வூட்டுக்குத் தெனமும் யாராவது சோறு கொண்டாந்தாங்க சார். இருமிக்கிட்டே வந்து எனக்கு ஓட்டுப் போட்டாங்க.”

“யோவ், அதெல்லாம் நாடகம்யா!”

“நடிச்சது நாம ரெண்டு பேருதாங்க. அவங்க யாரும் நடிக்கலையே. மிஷின் எப்பங்க வரும்?”