தேறாத ஷேர்

"தேறாத ஷேர்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் என்னாத்துக்கு பாய் எட்டு ரூபா குடுத்து வாங்குறீங்க?"

முனிவேல் கேட்டதும் அத்தை வீட்டு வாசலில் நின்றிருந்த நாலு பேரும் ஷௌகத் அலியின் முகத்தையே பார்த்தார்கள். அவர் தொப்பியைக் கழற்றி, தலையைத் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

முனிவேல் அந்தத் தெருவின் முதல் பி.ஏ. வேலை இன்னும் கிடைக்கவில்லை. அவனைப் படிக்க வைத்தவள் அத்தை வெங்கடம்மாள். இன்றைக்கும் வாயை மூடிக்கொண்டு நின்றால் அந்தப் படிப்பு எதற்கு என்று அவனுக்குள் அரித்துக்கொண்டிருந்தது.

மூன்று வருடத்துக்கு முன்னால், புளியந்தோப்பை விற்ற பணத்தில் அத்தை 'சஹ்யாத்ரி ஏர்வேஸ்' ஷேர் நூறு வாங்கினாள். ஒன்று பத்து ரூபாய். "ஏரோப்ளேன் கம்பெனிம்மா, தைரியமா போட்டு வையுங்க" என்று அன்றைக்குச் சொன்னவரே இந்த ஓசூர்ப் புளி வியாபாரி ஷௌகத் அலிதான். இப்போது 1951. தேன்கனிக்கோட்டையில் மூன்றாவது வருடமாக மழை இல்லை. கிணற்றுக்கு வெடி வைத்து ஆழப்படுத்தாவிட்டால் இருக்கிற ஒன்றரை ஏக்கரும் தரிசுதான். எண்ணூறு ரூபாய் கைக்கு வந்தால் வெடி வைத்துவிடலாம்.

"பெட்ரோல் கேலனுக்கு மூணணா ஏறிடுச்சு தம்பி" என்றார் ஷௌகத் அலி, மெதுவாக. "என் மூணு லாரியவே வித்தாச்சு. ஏரோப்ளேன் பீப்பா பீப்பாயா குடிக்கும். அந்தக் கம்பெனி நிக்காது."

பக்கத்து வீட்டு நாராயணப்பன் சிரித்தார்.

"அது என்னா பெரிய சங்கதி? இங்க வெல ஏறினா அத்திப்பள்ளி எல்லையத் தாண்டி மைசூர் ராஜ்யத்துப் பக்கம் போய் ஊத்திக்கிறது. நம்ம லாரிக்காரனுங்க பண்றதுதானே! ஏரோப்ளேன்காரனுக்கு அது தெரியாதா?"

எல்லோரும் சிரித்தார்கள். முனிவேலுக்கும் அது நியாயமாகவே பட்டது. கையிலிருந்த பேப்பரை அத்தைக்கு முன்னால் விரித்தான்.

"இந்த மாசம் மூணு புது ரூட் அத்தை. பெங்களூர்லேருந்து மங்களூர், கொச்சி, ஹூப்ளி. ஒரு பஸ் ரூட் கெடச்சாலே மொதலாளி மாடி வீடு கட்டுறான். இது ஏரோப்ளேன்! ஷேர் பதினஞ்சுக்குப் போவும். அது பாய்க்குத் தெரியும். லாரிய வித்து ஊர் ஊராப் போய் ஒருத்தர் வாங்குறார்னா சும்மாவா? பேப்பர் படிக்காதவங்க வீடாப் பாத்து வர்றார்."

"அவர் மொகத்தப் பாத்தா அப்பிடித் தெரியலயே கண்ணு..."

"பத்து ரூபாய்க்கு நம்ம தலையில கட்டினப்பவும் இதே மொகந்தான்."

ஷௌகத் அலி அவனைப் பார்க்காமல் அத்தையிடம் சொன்னார்.

"அம்மா, இந்த எண்ணூறு இன்னிக்கு என் கையில இருக்குது. நீங்க வேணாம்னா ஜவளகிரியில ரெண்டு பேர் காத்திருக்காங்க. அங்க குடுத்துட்டேன்னா, அப்புறம் நீங்களே கூப்பிட்டாலும் என்கிட்ட இருக்காது."

"பாத்தியா அத்தை? மாட்டுச் சந்தையில தரகன் அவசரப்படுத்துவானே, அதேதான்!"

"போய் வேற ஆளப் பாருங்க பாய்" என்றார் நாராயணப்பன்.

வெங்கடம்மாள் தலையைக் குனிந்துகொண்டு, "எம் மருமவன் சொன்னா சரியாத்தான் இருக்கும் பாய்" என்றாள்.

ஷௌகத் அலி செருப்பை மாட்டிக்கொண்டார். "நல்லாப் படிச்சிருக்க தம்பி" என்றார். அதில் கேலி இல்லை. அதுதான் முனிவேலைக் கொஞ்சம் உறுத்தியது.

மறுவாரம் ஷேர் பத்திரங்களைத் துணிப்பையில் சுருட்டிக்கொண்டு பெங்களூர் பஸ் ஏறினான். வியாழக்கிழமைக்கு வெடிக்காரனை வரச் சொல்லியிருந்தாள் அத்தை.

ஷேர் தரகர் மேலே இருந்த பத்திரத்தைப் பார்த்த உடனேயே கட்டைத் திருப்பித் தள்ளினார்.

"சஹ்யாத்ரியா? எட்டணா."

"எட்டணா ஏறியிருக்குங்களா?"

"வெலையே எட்டணா. நூறும் சேத்து அம்பது ரூபாய். அதுவும் இன்னிக்கு."

முனிவேல் கட்டை மறுபடி அவர் பக்கம் நகர்த்தினான். "மூணு புது ரூட் போட்டிருக்காங்களே சார்!"

"போட்டா? ஜனம் ஏற வேண்டாமா? இருபத்தோரு சீட்டுல எட்டு பேர் போறாங்க. எட்டு பேர் ஏறினாலும் அதே பெட்ரோல், இருபத்தோரு பேர் ஏறினாலும் அதே பெட்ரோல். வெலையும் ஏறிப்போச்சு. ஒரு ரூட்ல விட்ட நஷ்டத்த இப்ப நாலு ரூட்ல விடறான்."

"பெட்ரோல... வெல கொறச்சலா இருக்கிற பக்கம் போய் ஊத்திக்க முடியாதுங்களா?"

தரகர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன படிச்சிருக்கீங்க?"

முனிவேல் பத்திரங்களை எடுத்துத் துணிப்பைக்குள் திணித்தான்.

"எந்த ஊரு?"

"தேன்கனிக்கோட்டை."

"அட, அப்ப ஓசூர்ப் புளி வியாபாரி பாய் உங்க வீட்டுக்கு வரலையா? போன வாரத்தோட பதினாலு பேர் ஷேரக் கொண்டாந்து போட்டார். எட்டு ரூபாய்க்கு வாங்கி எட்டணாவுக்குத் தள்ளுறீங்களே, பைத்தியமான்னு கேட்டேன். 'என் பேச்சக் கேட்டு வாங்கினவங்க சாமி. சும்மா குடுத்தா கை நீட்ட மாட்டாங்க, அதான் வியாபாரம் மாதிரி பண்றேன்'னார்."