குழாயில் கட்டிய துணி

ஒரு வீட்டின் ஷவர் குழாய் இரவும் பகலும் சொட்டிக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் பொறுக்காமல் வீட்டுக்காரி கனகவல்லி, பழைய துண்டு ஒன்றைக் கிழித்து ஷவரில் கட்டித் தொங்கவிட்டாள். தண்ணீர் துணி வழியே இறங்கி, சத்தமில்லாமல் வாளிக்குள் போனது.

"பார்த்தியா, இனி யாருக்கும் கேட்காது" என்று துணி பெருமையடித்துக்கொண்டது.

"கேட்கட்டுமே! உள்ளே என் வாஷர் கிழிஞ்சுபோச்சு" என்றது குழாய்.

"கிழிஞ்சா என்ன? அதை ஊருக்கெல்லாம் சொல்லணுமா? வீட்டு மானம் என்னாவது?"

குளித்துவிட்டுப் போகிற ஒவ்வொருவரும் குழாயின் திருகை முன்னைவிட இறுக்கிவிட்டுப் போனார்கள். அப்படியும் சொட்டு நிற்கவில்லை.

ஒருநாள் காலையில் குழாய் முனகியது. "இன்னும் ஒருதரம் இறுக்கினா என் கழுத்து ஒடிஞ்சிடும்."

துணி மதியம்வரை யோசித்தது. பிறகு தன் முடிச்சைத் தானே தளர்த்திக்கொண்டு தரையில் விழுந்தது.

டொக். டொக். டொக்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த கனகவல்லி எச்சில் கையோடு எழுந்து வந்தாள். "அட, இது இன்னுமா நிற்கலை?" என்று பிளம்பருக்குப் போன் போட்டாள். அவர் வந்து புது வாஷர் மாட்டினார். பத்தே நிமிஷம். அதன் பிறகு ஒரு சொட்டுகூட விழவில்லை. குழாய் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டது.

குப்பைக்குத்தான் போகப்போகிறோம் என்று துணி நடுங்கியது. கனகவல்லியோ அதைப் பிழிந்து மாடிக் கொடியில் போட்டாள். வெயில் பட்டுத் துணி மெல்லக் காய்ந்தது, காற்றில் லேசாக எழுந்து ஆடியது.

"அப்பாடா!" என்றது துணி. "இத்தனை நாளா நானும்தான் ஈரத்திலேயே கிடந்திருக்கேன்."