பதினோராவது எபிசோடுக்கு மன்னிப்பு

"பேரை மாத்துங்க. இப்பவே, எல்லார் முன்னாடியும்."

சிஹாயா எழுந்து நின்றுதான் சொன்னாள். ஆனால் அவளை எழுந்திருக்கச் சொன்னது மன்னிப்புக் கேட்க.

ஒரு தொடர் முடிந்தால் அந்த ஜப்பானிய அனிமே கார்ட்டூன் ஸ்டூடியோவில் எல்லாரும் ஒரு மதியம் கூடி உட்காருவார்கள். வெள்ளைப் பலகையில் இடப்பக்கம் நிறை, வலப்பக்கம் குறை. குறையில் யார் வேலை வருகிறதோ அவர் எழுந்து இடுப்பு வரை குனிந்து, என் திறமை போதவில்லை என்று சொல்ல வேண்டும். கைதட்டுவார்கள். அப்புறம் பீர்.

முடிந்தது ஒரு பேய் வேட்டைத் தொடர். பன்னிரண்டு எபிசோட்.

நிறையில் ஒன்றுதான் பெரிய எழுத்தில் இருந்தது: ஒன்பதாவது எபிசோட், பாலத்துச் சண்டை. வேட்டைக்காரி தன் நிழலோடு மோதும் நாற்பது விநாடி. வசனம் இல்லை, இசை இல்லை, மழை மட்டும்.

குறைக்கு இடம் போதவில்லை. பேய்களுக்கான விதி வாரத்துக்கு வாரம் மாறுகிறது. நாயகனுக்குக் கோபம் வர வேண்டுமென்றால் யாராவது ஒரு பெண்ணைக் கொன்றுவிடுகிறார்கள். கடைசியாக, சிவப்பு மையில்: பதினோராவது எபிசோட். வாள் ரப்பர் மாதிரி வளைகிறது. நாயகன் திரும்பும்போதெல்லாம் வேறு ஆளாகிவிடுகிறான்.

பாலத்துச் சண்டையை ஐந்து வாரம் உட்கார்ந்து வரைந்தவள் சிஹாயா. திரையில் அங்கே வந்தது இயக்குநர் இகராஷியின் பேர்.

பதினொன்றில் அவள் ஒரு கோடுகூட இழுக்கவில்லை. நேரமில்லாமல் வெளியே யார் யாரிடமோ கொடுத்து வாங்கியது. அங்கே அவள் பேர்.

சோஷித் துறைமுகத்தில் மீன் காயவைக்கும் அப்பா, டி.வி.யை நிறுத்தி அந்தப் பேரைத்தான் படமெடுத்து அனுப்பினார். அவர் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள். அவரிடம் எதைச் சொல்வது? நன்றி என்று பதில் போட்டாள்.

இப்போது மேசைமேல் பழுப்பு உறைகளைப் பரப்பினாள். ஒவ்வொரு காட்சியின் வரைபடங்களும் ஓர் உறையில் போகும். வரைந்தவர் முகப்பில் முத்திரை குத்துவார். பாலத்துச் சண்டைக்குப் பதினேழு உறை. பதினேழிலும் அவள் முத்திரை.

யாரும் தொடவில்லை.

பேரை மட்டும் வாய்விட்டுக் கேட்காதே என்று வந்த முதல் வாரமே சொல்லியிருந்தாள், திரையில் வரும் பேர்ப்பட்டியலை அடிக்கும் தயாரிப்புப் பிரிவின் மாகினோ. கேட்டவர்களுக்கு அடுத்த தொடர் கிடையாதாம். இகராஷிக்குப் பக்கத்தில் இப்போது பீர் கேனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா சிஹாயா, சின்னப்புள்ளையாட்டம்! படம் எல்லாரோடதும்தானே," என்றார் இகராஷி. "குனிஞ்சு ரெண்டு வார்த்தை சொல்லிட்டு உக்காரு. பீர் சூடாவுது."

"எல்லாரோடதும்னா திட்டு மட்டும் ஏன் சார் எனக்கு?"

பின்வரிசையில் யாரோ சிரித்து, இருமலாக்கினார்கள்.

இகராஷியின் காது சிவந்தது. "என்னையே கேக்கறியே. பதினொண்ணுக்கு ஒரு பேர் வேணும், சண்டைக்கு வராத ஆளா சொல்லுன்னேன். இவதான் உன் பேரைச் சொன்னா."

மாகினோ நிமிரவே இல்லை. "நீ ஒண்ணும் சொல்லமாட்டேன்னு நெனச்சேன்டி," என்றாள்.

சிஹாயா உறைகளை அடுக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். சட்டைப்பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து மாகினோவின் கேனுக்குப் பக்கத்தில் வைத்தாள். நான்கு வருடமாக இருவரும் வாடகை பகிர்ந்து, பக்கத்தில் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்த அறையின் சாவி.

கதவைச் சாத்தாமலே வெளியே நடந்தாள்.

சாவியை வளையத்திலிருந்து கழற்றும் வேலை அவளுக்கு இருக்கவில்லை. காலையில், மாகினோ இருவருக்கும் முட்டை பொரித்துக்கொண்டிருந்தபோதே கழற்றியாயிற்று.