ஏழு நாத்தனார்கள்

உகோயேவின் புருஷனைப் புதைத்து நாற்பது நாளாகியும் அவளுடைய நாத்தனார்கள் ஏழு பேரும் இடத்தைக் காலி செய்யவில்லை.

சாவு விழுந்தால், வெளியூரில் வாக்கப்பட்ட அந்த வீட்டுப் பெண்கள் எல்லாரும் வந்து உட்காருவது எங்கள் ஊர் வழக்கம். உமுஆடா என்போம். அவர்கள் எழுந்து போகும்வரை அந்த வீட்டில் அவர்கள் வைத்ததுதான் சட்டம். ஆண்கள் வாயே திறக்க முடியாது. ஆனால் எட்டு நாள், மிஞ்சினால் பத்து நாள். நாற்பது நாளா?

நான் பக்கத்து வீட்டுக்காரி. நடுவேலியில் ஒரு ஓட்டை உண்டு. எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை.

"இது சூப்பா, ஆத்துத் தண்ணியா?" என்று கத்துவாள் மூத்தவள் நுவாகேகோ. "கிழங்க இடிச்சியா, தாலாட்டித் தூங்க வெச்சியா? கட்டி கட்டியா இருக்கு!"

பாவம் உகோயே, தலையைக் குனிந்துகொண்டு மறுபடி உலக்கையைத் தூக்குவாள்.

போதாக்குறைக்கு, சந்தை நாளுக்குச் சந்தை நாள் ஒருத்தி கூடையோடு தன் புருஷன் வீட்டுக்குப் போய் வருவாள். செத்தவன் வீட்டைச் சுரண்டிக்கொண்டு போகிறார்கள் என்று ஆற்றங்கரையில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். வயிறு எரிந்தது எனக்கு.

கொழுந்தன் உதெமெசுவே ஒருத்தன்தான் நல்லவன். வேலிக் கம்புகளைத் தோளில் போட்டுக்கொண்டு தினமும் வாசல்வரை வருவான்.

"எங்க அக்காளுங்க இன்னும் கெளம்பலையா?" என்று என்னிடம் கேட்பான்.

"எங்க கெளம்புறது? களஞ்சியத்தக் காலி பண்ணிட்டுத்தான் நகருவாளுக."

"பாவம் அண்ணி. அவங்க போனதும் ஒரு குரல் குடுங்க. அண்ணனோட ஆத்தோர நிலத்துக்கு வேலி போடணும்."

ஒற்றைப் பெண் குழந்தையோடு நிற்கிறவளுக்கு இப்படி ஒரு கொழுந்தன்! எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

முதல் மழை பெய்த மறுநாள் காலை, ஏழு பேரும் கூடைகளைத் தலையில் ஏற்றிக்கொண்டு வெளியேறினார்கள். உதெமெசுவே சந்தைக்குப் போயிருந்தான்; சாயங்காலம் அவன் திரும்பியதும் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"ஒருவழியா கெளம்பிட்டாங்கப்பா!"

அவன் நாலு ஆட்களைக் கூட்டிக்கொண்டு, கம்புகளையும் தூக்கிக்கொண்டு ஆற்றோர நிலத்துக்கு ஓடினான். வேடிக்கை பார்க்க நானும் ஓடினேன்.

அங்கே ஏழு நாத்தனார்களும் உகோயேவும் முழங்கால்வரை சேறாக நின்றார்கள். காலையில் கூடைகளில் போனது விதைக்கிழங்கு. நிலம் முழுக்க நட்டு முடித்திருந்தார்கள்.

"வாடா தம்பி," என்றாள் நுவாகேகோ. "பொண்ணு மட்டும் பெத்தவளுக்கு நிலம் எதுக்குன்னு ஊர்ச்சபையில கேக்கணும்னு துடிச்சியாமே? நாங்க இருக்குற வரைக்கும் நீ கேக்க முடியாது. அதான் நடவு மழை வர்ற வரைக்கும் உக்காந்திருந்தோம். இனி கேட்டும் பிரயோசனம் இல்ல. நட்ட கிழங்கத் தொட்டா மண்தாய் சும்மா விடமாட்டா. வேலிய உன் வீட்டுக்குப் போட்டுக்க!"

உதெமெசுவே கம்புகளைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பி நடந்தான்.

"இத்தன நாளும் நாங்க சாப்பிட்டதே அவங்க கூடையில வந்ததுதான்," என்றாள் உகோயே என்னிடம். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே அக்கா?" என்றேன் நுவாகேகோவிடம்.

"உங்கிட்டயா? வேலியில இருக்குற ஓட்ட எங்களுக்கும் தெரியும்டி."

நாத்தனார்கள் ஊருக்குப் புறப்படும் நேரத்தில் உகோயே நுவாகேகோவின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"ஏய், அழாத. கிழங்கு தோண்டுற அன்னைக்கு ஏழு பேரும் திரும்ப வந்து உக்காருவோம்," என்றாள் நுவாகேகோ. "அதுக்குள்ள சூப்பு வைக்கக் கத்துக்க!"